பின்னால் 14, பேட்டரியில் 12: ஒரு பழைய இசுவாராவின் சார்ஜ் கோளாறு

எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை ஏற்றும் சாமான்) மாற்றியாகிவிட்டது. அப்படியும் மழை பிடித்துக்கொண்டால் விடியற்காலையில் காடி (கார்) ஸ்டார்ட் ஆகாது. கடைசியில் கோளாறு இருந்த இடம் ஒரு விரல் நீளம்கூட இல்லாத வயர் முடிச்சு. அதைத் தேடிப் போன வழியையும், நடுவில் நானே தவறவிட்டதையும் முழுதாக எழுதி வைக்கிறேன். பழைய காடி வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக வயரிங் வேலைக்கு வரும் தம்பிகளுக்கும் இது பயன்படும்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் முதலாம் எண் கூட்டரசு சாலையில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) தோட்டங்கள். இப்போது பல தோட்டங்களில் செம்பனை. தோட்டத்து வீடுகளிலிருந்து பட்டணத்துக்கு வர பஸ்ஸை நம்ப முடியாது, அதனால் காடி இல்லாமல் பிழைப்பு இல்லை. என் பட்டறைக்கு வருபவற்றில் பல, இருபது வருடம் தாண்டியவை. அவற்றை ஓட்டுபவர்கள் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. அடுத்தது வாங்கக் காசு இல்லை, இருப்பது ஓடியாக வேண்டும்.

இந்தக் காடியின் சொந்தக்காரர் ஒரு பலகாரக்கார அக்கா. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு 7 கிலோமீட்டர். காலை 3 மணிக்கு எழுந்து இட்டிலி, வடை, நாசி லெமாக் எல்லாம் தயார் செய்து, 5 மணிக்குப் புறப்பட்டு, பள்ளிக்கூடம், கடைகள் என்று ஆறு இடங்களில் இறக்கிவிட்டு, 7 மணி வாக்கில் வீடு திரும்புவார். காடி 1996-இல் பதிவான புரோட்டான் சாகா இசுவாரா, கணவர் வாங்கியது. அவர் தவறி நான்கு வருடம் ஆகிறது.

"காடிய வித்துடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க தம்பி. அவரு காடிய நான் விக்க மாட்டேன். நீ என்னன்னு பாத்துச் சொல்லு."

அக்டோபர் மாதம் அது. எங்கள் பக்கம் மழை கூடும் நேரம். தீபாவளிப் பலகாரத்துக்கு ஆர்டர் குவிந்து கிடந்த நேரமும் அதுதான்.

முன்பு செய்யப்பட்டவை

அக்கா ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த டின் இல்லையென்றால் இந்தக் கதையில் பாதி எனக்குப் புரிந்தே இருக்காது.

மார்ச்சில் முதல் பேட்டரி, 195 வெள்ளி (ரிங்கிட்). அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய பேட்டரி இரண்டரை வருடம் உழைத்திருந்தது. நம் ஊர் வெயிலுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் இரண்டு வருடத்தைத் தாண்டினாலே நல்ல ஆயுள்தான்.

மே மாதம் வேறொரு கடையில் ரீகண்ட் (பழையதைப் புதுப்பித்த) ஆல்டர்னேட்டர், 230 வெள்ளி. ரசீதின் ஓரத்தில் பேனாவில் "ஓவர் சார்ஜ், 15.3" என்று கிறுக்கியிருந்தது. இந்த வரியைப் படித்தேன், ஆனால் அன்று அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

செப்டம்பரில் மறுபடி பேட்டரி, 215 வெள்ளி. ஆறே மாதத்தில் எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. மின்கசிவு இருக்கலாம் என்று சொல்லி ரேடியோவையும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆக மொத்தம் 640 வெள்ளி. இட்டிலி விற்றுச் சேர்த்த காசு.

இன்னொன்றையும் அக்கா சொன்னார். ஒரு கடையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "எஞ்சின் நிக்கல, அப்ப ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று காட்டினார்களாம். இந்தச் சோதனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அந்த அடியைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அது இல்லாதபோது அடி, ஆல்டர்னேட்டருக்குள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள் மேலும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேலும் விழும். நல்ல சாமானையே கெடுத்துவிடும். அப்படியே தப்பித்தாலும், எஞ்சின் நிற்கவில்லை என்பதிலிருந்து பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் போகிறது என்று தெரியப்போவதில்லை.

நான் செய்த தவறு

முதல் நாள் காடி வந்தபோது காலை 11 மணி, நல்ல வெயில். பெல்ட்டைப் பார்த்தேன், இறுக்கம் சரி. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கியது, பளபளப்பு ஏறவில்லை. பேட்டரி முனைகள் சுத்தம். சாவியை எடுத்துவிட்டு மின்கசிவை அளந்தேன்: 22 மில்லி ஆம்பியர். 50-க்குக் கீழே இருந்தால் பேட்டரியை ஒன்றும் செய்யாது. ரேடியோவைக் கழற்றியது வீண் வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தேன். 14.1 வோல்ட். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் சரி என்பது நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. மீட்டரை மாறுமின்னோட்ட அளவுக்கு மாற்றி டயோடு கசிவு பார்த்தேன், 0.04 வோல்ட். டயோடு போயிருந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதுவும் சரி. பேட்டரியை ராத்திரி முழுக்க 4 ஆம்பியரில் நிதானமாக ஏற்றி, மறுநாள் "ஒன்னுமில்லக்கா, சார்ஜ் குறைஞ்சு போயிருந்துச்சு" என்று அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை 4.50-க்கு போன் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அழவில்லை. ஆனால் குரல் எனக்கு விளங்கிவிட்டது. பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்துவிட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு இட்டிலி போய்ச்சேர 7.15 ஆகிவிட்டது.

நான் விட்ட இடம் இதுதான். பகலில், விளக்கு எதுவும் போடாமல், பட்டறை நிழலில் நின்ற காடியை அளந்தேன். அந்தக் காடி அப்படி ஓடுவதே இல்லை. அது ஓடுவது இருட்டில், மழையில், முன்விளக்கும் வைப்பரும் புளோவரும் ஏர்கோனும் சேர்ந்து இழுக்கும்போது. ஈரத்தில் கண்ணாடி மங்குவதால் ஏர்கோனை அணைக்க முடியாது. நோயாளி ராத்திரியில் இருமுகிறார், வைத்தியரோ மத்தியானம் வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார் என்ற கதைதான்.

அன்று காலை கடைகளில் இறக்கி முடித்து வந்தவரை உட்காரவைத்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எங்கெங்கே நிற்பீர்கள், நிற்கும்போது எஞ்சினை அணைப்பீர்களா? அணைப்பதில்லை என்றார். மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயம். முன்விளக்கும் ஏர்கோனும் அப்படியே ஓட, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம். அப்புறம் அவராகவே சொன்னார்:

"இருட்டுல அந்த பேட்டரி விளக்கு லேசா செவப்பா தெரியும் தம்பி. பகல்ல பாத்தா இருக்காது. என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன்."

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மூன்று கடைகளும் நானும் பார்க்காததை அவர் மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விடியற்காலைச் சவாரி

மறுநாள் 4.45-க்குத் தோட்டத்தில் இருந்தேன். இரண்டு மீட்டரைத் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். நீண்ட வயர்களை பானெட் இடுக்கு வழியாக, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டேன். ஒரு மீட்டர் பேட்டரியின் இரண்டு முனைகளில். இன்னொன்று ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் மின்சாரம் வெளியே வரும் பி முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் நடுவில். முறைப்படி இந்த இரண்டாவது மீட்டர் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது, ஏனென்றால் அவை இரண்டும் ஒரே வயரின் இரண்டு நுனிகள். முழுச் சுமையில்கூட 0.2, அதிகம் போனால் 0.3 வோல்ட்.

விளக்கு போடும்முன் பேட்டரி 14.1, இரண்டாவது மீட்டர் 0.25. முன்விளக்கு போட்டதும் 13.6. புளோவர், ஏர்கோன், வைப்பர் எல்லாம் ஓட ஆரம்பித்து, செம்மண் பாதையில் இரண்டாவது கியரில் போகும்போது பேட்டரி 12.75, இரண்டாவது மீட்டர் 1.55.

டேஷ்போர்டைக் கையால் மறைத்துக் குனிந்து பார்த்தேன். பேட்டரி விளக்கு மங்கலாகச் சிவந்திருந்தது. அணையப்போகும் ஊதுபத்தி நுனி போல.

"தெரியுதா?" என்றார் அக்கா.

"தெரியுதுக்கா."

அந்த மங்கல் வெளிச்சத்துக்குக் காரணம் இது. விளக்கின் ஒரு பக்கம் சாவி வழியாக பேட்டரியோடு சேர்ந்திருக்கிறது. மறுபக்கம் ஆல்டர்னேட்டரில் இந்த விளக்குக்கென்றே உள்ள எல் முனையோடு. எஞ்சின் ஓடும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு வோல்ட் இருந்தால் நடுவில் மின்சாரம் ஓடாது, விளக்கு அணைந்துவிடும். இங்கே ஆல்டர்னேட்டர் பக்கம் 14.3, பேட்டரி பக்கம் 12.75. அந்த ஒன்றரை வோல்ட் வித்தியாசம் விளக்கைப் பாதி உயிரோடு வைத்திருந்தது. பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆல்டர்னேட்டர் செத்துப்போனால் இந்த விளக்கு நன்றாக எரியும். மங்கலாக எரிந்து, சுமை கூடக்கூடப் பிரகாசம் கூடினால், மின்சாரம் உண்டாகிறது, வழியில் எங்கோ தொலைகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பேட்டரி ஏன் காலியாகிறது என்பதும் அந்தச் சவாரியிலேயே தெரிந்துவிட்டது. ஓய்வில் நிற்கும் முழு பேட்டரியே 12.6 காட்டும். 12.75 கொடுத்தால் அதற்குள் ஒன்றும் ஏறாது. ஓடும்போது காலியாகாமல் பிழைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நிறுத்தி ஐடலில் (காடி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓட) விட்டதும் 12.2-க்கு இறங்கியது. எஞ்சின் ஐடல் நிமிடத்துக்கு 650 சுற்றுக்கு விழுந்திருந்தது. அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் 22 ஆம்பியர் கொடுக்க, காடி 31 ஆம்பியர் கேட்டது. மீதி 9 ஆம்பியர் பேட்டரியிலிருந்து. ஆறு இடத்திலும் சேர்த்து 20 நிமிடம் என்றால் நாளைக்கு 3 ஆம்பியர் மணி போகிறது. வெயில் நாளில் விளக்கை அணைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் கொஞ்சம் திரும்ப ஏறும். மழை நாளில் ஏறாது. இது என்.எஸ். 60 பேட்டரி, 45 ஆம்பியர் மணி. பத்து நாள் தொடர்ந்து மழை பெய்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஆறு மாதத்தில் போனதற்கும் இதுதான் காரணம். ஈய பேட்டரியைப் பாதி வயிற்றோடு வாரக் கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

ஒரு கேள்வி வரும். 1.55 வோல்ட் தொலையும் அளவு மோசமான இணைப்பு இருந்தால், ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றுகிறது? ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்குமே? பேட்டரியில் சார்ஜ் இருந்த நாட்களில் இந்தக் காடி டக்கென்று ஸ்டார்ட் ஆகும். அதுவே ஒரு சாட்சி. ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் வேறு, ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயர் வேறு. பேட்டரியின் எர்த் கேபிளில் கோளாறு என்றால் ஸ்டார்ட்டரும் சேர்ந்து திணறியிருக்கும். அது திணறவில்லை என்பதால், ஸ்டார்ட்டர் பயன்படுத்தாத பாதையில்தான் கோளாறு. எர்த் பக்கத்தையும் அளந்தேன், 0.06 வோல்ட். சந்தேகம் தீர்ந்தது.

முடிச்சு

பட்டறையில் எல்லாச் சுமையையும் போட்டு, பையனை உட்காரவைத்து 2000 சுற்றில் பிடிக்கச் சொன்னேன். கிளாம்ப் மீட்டர் பி வயரில் 31 ஆம்பியர் காட்டியது. மொத்த இழப்பு 1.55 வோல்ட் எந்த இடத்தில் என்று துண்டு துண்டாக அளந்தேன்.

பி முனையிலிருந்து அதன் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வரை 0.02.
லக்கிலிருந்து ரேடியேட்டர் கீழே வயர்கட்டு வளையும் இடம் வரை 0.06.
அந்த வளைவில் டேப் சுற்றிய ஓர் இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 1.22.
அங்கிருந்து ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ் போல உருகிக் காக்கும் இணைப்பு) பெட்டி வரை 0.05.
பெட்டியிலிருந்து பேட்டரி முனை வரை 0.20.

எஞ்சினை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேப்பைப் பிரித்தேன். உருகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. உள்ளே இரண்டு வயரை வெறுமனே முறுக்கிவிட்டிருந்தார்கள். லக் இல்லை, ஈயம் இல்லை. அக்காவிடம் கேட்டேன். பல வருடத்துக்கு முன்னால், அவர் கணவர் இருந்தபோது, முன்பக்கம் ஒரு மோதல், பம்பரும் ரேடியேட்டரும் மாற்றினார்களாம். அப்போது அறுந்த வயரை முறுக்கி ஓட்டிவிட்டது அது. தயாரித்தவர்கள் விட்ட குறை இல்லை. ஆரம்பத்தில் நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். ஆனால் அது தோட்டத்துப் பாதையின் குட்டைத் தண்ணீர் தெறிக்கும் உயரம். ஈரம் நுழைந்து, செம்பு பச்சையாகி, கறுத்து, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடை ஏறியிருக்கிறது.

செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்று. வயரை அறுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். மேலே ரப்பர் பளபளப்பாக இருந்தது. முடிச்சிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி அறுத்தேன், இழைகள் அங்கேயும் கறுப்பு. மெல்லிய இழைகளுக்கு நடுவில் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் போல ஏறிப் போகும். இன்னும் இரண்டு அங்குலம் போன பிறகுதான் சிவந்த செம்பு கிடைத்தது.

1.22 வோல்ட், 31 ஆம்பியர். பெருக்கினால் 38 வாட். நாங்கள் ஈயம் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் சூடு. அந்தச் சூடு மழையில் ஓடும்போதெல்லாம் ஒரு நெல்லிக்காய் அளவு முடிச்சுக்குள், மற்ற வயர்களின் நடுவில் உட்கார்ந்திருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகாதது அக்காவுக்குத் தொல்லை. எனக்கு அதைப் பார்த்ததும் தோன்றியது தீ.

ரசீதின் ஓரத்தில் இருந்த எண்

முடிச்சு கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டிருந்தால் பாதிதான் செய்திருப்பேன். ஒரு கேள்வி நின்றது. முடிச்சு பல வருடமாக இருக்கிறது. தொல்லை மட்டும் ஏன் மே மாதத்துக்குப் பிறகு, அதாவது ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு, இவ்வளவு கூடியது?

ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தை விளக்கு பிடித்துப் பார்த்தேன். 1985 ஜூலை 9-இல் வெளிவந்த முதல் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது. 1992-இல் வந்த இசுவாராவும் அதே வம்சம். அக்காவின் காடியில் இருப்பது கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் எஞ்சின். சார்ஜ் விஷயத்தில் கம்ப்யூட்டர் எதுவும் தலையிடாது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டரே முடிவெடுக்கும். அது முடிவெடுக்கச் சேதி கொண்டுவருவது எஸ் என்ற மெல்லிய வயர். பேட்டரி பக்கத்திலிருந்து வந்து, "இங்கே இத்தனை வோல்ட் இருக்கிறது" என்று சொல்லும். குறைவாக இருந்தால் ரெகுலேட்டர் கூட்டிக் கொடுக்கும்.

இந்த ரீகண்ட் ஆல்டர்னேட்டரில் எஸ் முனையிலிருந்து ஒரு குட்டி வயர் நேராக அதே ஆல்டர்னேட்டரின் பி முனைக்குப் போட்டிருந்தது. காடியின் சொந்த எஸ் வயர் அறுத்து, டேப் சுற்றி, கட்டுக்குள் செருகப்பட்டிருந்தது. பிளக் பொருந்தவில்லை போலும், ஓட்டிவிட்டிருக்கிறார்கள். இப்போது ரெகுலேட்டர் பார்ப்பது பேட்டரியை அல்ல, தன் முதுகையே. அங்கே 14.3 இருக்கிறது, திருப்தி. வழியில் ஒன்றரை வோல்ட் தொலைவது அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது அந்த ரசீதுக்குத் திரும்புங்கள். "ஓவர் சார்ஜ், 15.3." பழைய ஆல்டர்னேட்டரில் எஸ் வயர் பேட்டரியோடு சரியாகச் சேர்ந்திருந்தது. முடிச்சில் ஒரு வோல்ட் தொலைந்தால், அது ஒரு வோல்ட் கூட்டிக் கொடுத்து, பேட்டரிக்கு 14.2 அளவு போய்ச்சேரும்படி பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சோதித்தவர் மீட்டரை ஆல்டர்னேட்டரின் பின்னால் வைத்தார், 15.3 கண்டார், ரெகுலேட்டர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அதே நிமிடம் பேட்டரியிலும் ஒரு முறை வைத்திருந்தால் போதும். இரண்டு இடத்திலும் 15-க்கு மேல் என்றால் ரெகுலேட்டர்தான். பின்னால் 15.3, பேட்டரியில் 14.2 என்றால் வயர்.

பழைய ஆல்டர்னேட்டர் மாற்றுக்குக் கொடுத்துவிட்டதால் அதைச் சோதிக்க வழியில்லை. ஆனால் எண்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. கோளாறைத் தன் தோளில் சுமந்து பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த சாமானை, கோளாறு என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எனக்கு இதில்தான் மனம் ஆறவில்லை.

செய்த வேலை

பி வயரை முடிச்சு வெட்டி ஒட்டாமல் முழுதாக மாற்றினேன். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு, 1.2 மீட்டர். இந்த நீளத்தில் 31 ஆம்பியர் ஓடினால் வயரில் தொலைவது 0.06 வோல்ட்தான். இரண்டு பக்கமும் லக் வைத்து ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடினேன். பாதையை ரேடியேட்டருக்குக் கீழே விடாமல் மேலே ஏற்றி, நெளிகுழாய்க்குள் போட்டுக் கட்டினேன். ஃபியூசிபிள் லிங்க் பெட்டியில் பச்சை பிடித்திருந்த முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, லிங்க்கையும் புதிதாக மாற்றினேன்.

பழைய வயரை அப்படியே விட்டுவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஒரு கேபிளை நேராக இழுத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. வோல்ட் உடனே ஏறிவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கேபிளில் ஃபியூஸ் கிடையாது. நாளைக்கு ஒரு மோதலில் அது உரசி பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக் கணக்கில் ஆம்பியரைக் கொட்டும். நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஆல்டர்னேட்டர் நல்ல சாமான், அதை மாற்றவில்லை. குட்டி வயரை எடுத்துவிட்டு, அறுந்து கிடந்த எஸ் வயரைத் தேடி எடுத்தேன். மீட்டர் வைத்தால் பேட்டரி அளவு அப்படியே வந்தது, உயிரோடுதான் இருந்தது. சரியான பிளக் வைத்துப் பொருத்தினேன். ஏர்கோன் போட்ட நிலையில் ஐடலை 650-லிருந்து 800-க்கு உயர்த்தினேன். பேட்டரியை மறுபடி நிதானமாக ஏற்றி ஒரு நாள் ஓய்வில் வைத்தேன். 12.65 நின்றது, ஸ்டார்ட் செய்யும்போது 10.4-க்குக் கீழே இறங்கவில்லை. அதையும் மாற்றத் தேவையில்லை. ரேடியோவைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன்.

முழுச் சுமையில், 2000 சுற்றில்: பின்னால் 14.4, பேட்டரியில் 14.3. ஐடலில் 13.2. ஆனாலும் அக்காவிடம் ஒன்று சொன்னேன். நிற்கும் இடத்தில் பயப்படாமல் எஞ்சினை அணையுங்கள், இனி ஸ்டார்ட் ஆகும். அணைக்க மனமில்லை என்றால் ஏர்கோனையாவது அணையுங்கள்.

கூலியும் சாமானும் சேர்த்து 95 வெள்ளி வாங்கினேன். முதல் முறை வந்ததற்கு ஒன்றும் வாங்கவில்லை. அன்றைக்கு நான் செய்தது வேலையே இல்லை.

ஆறு வாரம் கழித்து, தீபாவளி முடிந்து, மழையும் ஒரு சுற்று அடித்து ஓய்ந்த பிறகு, ஒரு காலை 4.45-க்கு மறுபடி தோட்டத்துக்குப் போனேன். ராத்திரி முழுக்க நின்ற காடி, பேட்டரி 12.62. ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டு ஓட்டச் சொன்னேன். 14.2. டேஷ்போர்டைக் கையால் மறைத்துப் பார்த்தேன். விளக்கு இருந்த இடம் இருட்டாக இருந்தது.

பானெட்டின் உள்பக்கம் ஒரு அட்டையை பிளாஸ்டிக்கில் போட்டு ஒட்டியிருக்கிறேன். அடுத்து யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படும். "பி வயர் புதியது, லிங்க் வழியாக. எஸ் வயர் பேட்டரிக்குப் போகிறது, பின்னால் இணைக்க வேண்டாம். முன்விளக்கு, ஏர்கோன், புளோவர், வைப்பர் போட்டு அளக்கவும்: பின்னால் 14.4, பேட்டரியில் 14.3." அதே எண்களை என் ரசீதிலும் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை மடித்து பிஸ்கட் டின்னில், மற்ற ரசீதுகளுக்கு மேலே வைத்தார்.